ஒரு செனட்டர் சபைக்குள் என்ன பேசினார்? ஹன்சாட்டில் தேடிப் பார்க்கும் வழி

பொங்கல் விழாவுக்கு ஒரு செனட்டர் வருகிறார். பொன்னாடை போர்த்துகிறோம், குத்துவிளக்கு ஏற்ற வைக்கிறோம், அவர் தட்டுத்தடுமாறி "வணக்கம்" என்று சொன்னதும் மண்டபமே கைதட்டுகிறது, மறுநாள் அந்தப் படம் எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. "அவர் எங்கட ஆள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதே மனிதர் கன்பராவில், செனட் சபைக்குள், எங்களைப் பாதிக்கிற ஒரு சட்டமூலம் வந்த நாளில் எழுந்து பேசினாரா, பேசியிருந்தால் என்ன சொன்னார், கடைசியில் எந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார் என்று தேடிப் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். தேடுவது கடினமே இல்லை. காசும் செலவில்லை. 1901இல் இருந்து அவுஸ்திரேலிய செனட்டில் பேசப்பட்டது எல்லாம் ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பேச்சுப் பதிவில் இருக்கிறது, இணையத்தில் யாரும் திறந்து பார்க்கலாம். ஆனால் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் போனால் நூறு பக்கம் வாசித்தும் தவறான முடிவுக்குத்தான் வருவோம். நானும் தொடக்கத்தில் அப்படி வந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழகுவதற்கு, இப்போது பதவியில் இருக்கும் ஒருவரை எடுக்காதீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு விருப்போ வெறுப்போ இருக்கும், அது வாசிப்பைக் கெடுக்கும். முடிந்துபோன, முழுதாகப் பின்தொடரக்கூடிய ஒரு பதிவை எடுங்கள். நான் எல்லாருக்கும் சொல்வது நெவில் பொனரை. அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் பழங்குடி மனிதர். 1922இல் ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள உக்கரபா தீவில் பிறந்தவர், ஒழுங்கான பள்ளிப்படிப்பு ஒரு வருட அளவுதான், பாம் தீவில் பல வருடங்கள் வாழ்ந்தவர். 1971இல் டேம் அனபெல் ராங்கின் பதவி விலகியதால் வெற்றிடமான குயின்ஸ்லாந்து இடத்துக்கு லிபரல் கட்சி சார்பில் வந்தார், 1983 வரை இருந்தார். பன்னிரண்டு வருடப் பேச்சு. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இலங்கையில் இருந்து வந்த மூத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கும் ஒரு மூதவை இருந்தது. 1947இல் தொடங்கிய அந்த செனட் 1971 ஒக்டோபர் 2ஆம் தேதி ஒழிக்கப்பட்டது. பொனர் கன்பராவில் பதவியேற்றது அதே வருடம் ஓகஸ்டில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். ஒரு நாட்டில், காலங்காலமாகக் கேட்கப்படாத ஒரு குரலுக்கு மேலவையில் இடம் கிடைத்த வருடத்தில், இன்னொரு நாட்டில் அந்த மேலவையே இல்லாமல் போயிற்று. அதனாலோ என்னவோ, எங்களில் பலருக்கு மேலவை என்றால் என்ன செய்யும் என்ற பழக்கமே விட்டுப்போயிற்று.

சபையைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 76 செனட்டர்கள். மாநிலத்துக்கு 12 பேர், இரண்டு ஆட்புலங்களுக்கும் தலா 2 பேர். மாநில செனட்டர்களுக்குப் பதவிக்காலம் 6 வருடம். அரசாங்கத்துக்கு இங்கே பெரும்பான்மை இல்லாமல் இருப்பது வழக்கமான நிலை, அதனால் சிறு கட்சிக்காரரின் ஒரு திருத்தம்கூட சட்டத்தின் ஒரு வரியை உண்மையிலேயே மாற்றிவிடும். பேச்சுக்கு இங்கே எடை இருப்பது அதனால்தான்.

எங்கே தேடுவது

பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு செனட்டருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. முதல் உரைக்கும் ஹன்சாட் பேச்சுகளுக்கும் அங்கேயிருந்தே போகலாம். ஆனால் சரியாகத் தேட வேண்டுமென்றால் பார்ல்இன்ஃபோ என்ற தேடுதளத்துக்குப் போங்கள். பார்க்க அழகாக இருக்காது, முதல் பத்து நிமிடம் எரிச்சல்கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் செனட் ஹன்சாட்டை மட்டும் தெரிவு செய்து, பேசியவர் பெயரையும் தேதி எல்லையையும் கொடுத்துத் தேடலாம். பிரதிநிதிகள் சபைக்குத் தனி ஹன்சாட் உண்டு, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இரண்டு சொல் சேர்ந்த பெயர் என்றால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். 1901 முதல் 1980 வரையான பழைய விவாதங்களை வாசிக்க ஹிஸ்டாரிக் ஹன்சாட் என்ற தனித் தளம் கண்ணுக்கு இதமாக இருக்கும். கடந்த இருபது வருடத்துக்கு ஓப்பன் ஒஸ்ட்ரேலியா தளம் எளிது.

தேடும்போது எல்லாரும் செய்கிற தவறு, இன்றைய சொல்லை வைத்து அன்றைய பேச்சைத் தேடுவது. 1972 மே மாதத்துக்கு முந்திய பேச்சில் "ஸ்ரீலங்கா" என்று தேடினால் எதுவும் கிடைக்காது, "சிலோன்" என்று தேட வேண்டும். பொனர் காலத்தில் பழங்குடி மக்களைக் குறிக்கப் பயன்பட்ட சொற்கள் வேறு, அவற்றில் சில இன்று காதுக்குக் கசக்கும், ஆனால் அந்தச் சொல்லைப் போட்டால்தான் பதிவு வெளியே வரும். ஊர்ப்பெயர்கள் நல்ல தூண்டில். எங்கள் விடயத்தில் அதற்குச் சரியான உதாரணம் பிலோயெலா. அந்த குயின்ஸ்லாந்து ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு கிறிஸ்மஸ் தீவில் வைத்திருந்தார்கள், 2022 ஜூனில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். "தமிழ்" என்று தேடினால் விழா வாழ்த்துகளும் சேர்ந்து வரும். ஊரின் பெயரைப் போட்டு 2018 முதல் 2022 வரை தேடினால் விடயம் மட்டும் வரும்.

இன்னொரு பயனுள்ள வழி இருக்கிறது. பார்ல்இன்ஃபோவில் குறுக்கிட்டவர் பெயரிலும் தேடலாம். ஒரு செனட்டர் தன் முறை வரும்போது அளந்து பேசுவார், பக்கத்தில் இன்னொருவர் பேசும்போது உட்கார்ந்த இடத்தில் இருந்து கத்துவதில்தான் மனதில் இருப்பது வெளியே வரும். ஒழுங்கற்ற குறுக்கீடு என்றாலும், பேசுபவர் அதற்குப் பதில் சொன்னால் அது ஹன்சாட்டில் ஏறிவிடும்.

எல்லாப் பேச்சும் ஒரே எடை இல்லை

இதுதான் முக்கியமான பகுதி, இங்கே நிதானமாக வாருங்கள்.

முதல் உரையில் இருந்து தொடங்குங்கள். புது செனட்டர் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும் பேச்சு அது, யாரும் குறுக்கிடாமல் கேட்பது மரபு. பொனர் தன் முதல் உரையை 1971 செப்டம்பர் 8ஆம் தேதி ஆற்றினார். தனக்குள் இருக்கிற பழங்குடித் தன்மை முழுவதும், தன் மக்களின் குரலாகக் கேட்கப்பட ஏங்குகிறது என்ற பொருளில் அவர் அதில் பேசினார். முதல் உரையைக் கவனமாக வாசித்து, அவர் எவற்றையெல்லாம் செய்யப்போவதாகச் சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லாவற்றையும் இந்தத் தாளோடுதான் ஒப்பிடப்போகிறோம். ஆனால் முதல் உரையை வைத்து மட்டும் யாரையும் எடைபோடக் கூடாது. அது வாக்குறுதி, அவ்வளவுதான்.

நாள் முடிவில் நடக்கிற ஒத்திவைப்பு விவாதத்தில் செனட்டர்கள் தாங்கள் விரும்பிய எதைப் பற்றியும் சில நிமிடம் பேசலாம். எங்கள் சமூகங்களைப் பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் இங்கேதான் வரும். அதை வெட்டி எடுத்து, "பாராளுமன்றத்தில் எங்கள் பிரச்சினை ஒலித்தது" என்று பரப்புவோம். ஒலித்தது உண்மைதான், பதிவில் ஏறியதற்கும் பெறுமதி இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் சபையில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு கிடையாது, யாரும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஒருவருடைய பதிவில் எங்களைப் பற்றி இருப்பதெல்லாம் ஒத்திவைப்புப் பேச்சுகள் மட்டும்தான் என்றால், அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு விவாதம் இதை விடக் கனமானது. சட்டத்தின் கொள்கையை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று அங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, அமைச்சர்களின் பேச்சு. செனட்டில் இருக்கிற அமைச்சர், கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் இருக்கிற வேறு அமைச்சர்களின் துறைகளுக்கும் பிரதிநிதியாக இருப்பார். அவர் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவரும்போது, இரண்டாம் வாசிப்பு உரையை ஹன்சாட்டில் இணைக்கச் சபையின் அனுமதி கேட்பார், அனுமதி கிடைத்ததும் எட்டுப் பத்துப் பக்கம் அப்படியே உள்ளே போய்விடும். அவர் வாயைத் திறந்து அதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை! அந்த எழுத்து துறை அதிகாரிகள் தயாரித்தது. "உரை பின்வருமாறு" என்ற வகையில் ஒரு குறிப்பு முன்னால் இருக்கும், அதைப் பார்த்தால் கவனமாகிவிடுங்கள். அரசாங்கத்தின் நோக்கத்தை அறிய அது மிக முக்கியமான ஆவணம், நீதிமன்றம்கூடச் சட்டத்துக்குப் பொருள் கொள்ள அதை எடுத்துப் பார்க்கும். ஆனால் அந்த செனட்டரின் மனதை அறிய அது உதவாது.

இரண்டாவது பொறி, இரண்டாம் வாசிப்புத் திருத்தம். "நான் திருத்தம் கொண்டுவந்தேன்" என்று ஒரு செனட்டர் சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் கொண்டுவந்தார் என்று பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் வருகிற திருத்தம் பெரும்பாலும் சபையின் கருத்தைத் தீர்மானத்தின் கடைசியில் ஒட்டுகிற வேலைதான், சட்டமூலத்தின் ஒரு எழுத்தும் மாறாது. சட்டத்தின் சொற்களை மாற்றுகிற திருத்தம் முழுச்சபைக் குழுக் கட்டத்தில்தான் வரும்.

அந்த முழுச்சபைக் குழுக் கட்டத்தைத்தான் மக்கள் வாசிப்பதே இல்லை, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். சபை முழுவதும் ஒரு குழுவாக மாறி, சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துப் பார்க்கும். ஒரு செனட்டர் எத்தனை தடவையும் எழும்பலாம். அமைச்சரிடம் "இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த நிலையில் உள்ள மனிதருக்கு இது பொருந்துமா" என்று கேட்பார், அமைச்சர் மழுப்புவார், மறுபடி கேட்பார், அதிகாரிகளிடம் இருந்து தாள் வரும், பதில் மாறும். தயாரித்த உரை இங்கே செல்லாது. சட்டமூலத்தை வாசித்துவிட்டு வந்தவர் யார், கட்சி கொடுத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர் யார் என்று இரண்டு பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரு செனட்டரைப் பற்றி ஒரே ஒரு நாள் பதிவைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், அவர் அக்கறை காட்டுவதாகச் சொல்கிற விடயத்தில் வந்த ஒரு சட்டமூலத்தின் குழுக் கட்டத்தை எடுங்கள்.

கேள்வி நேரம் பிற்பகல் 2 மணிக்கு. தொலைக்காட்சியில் வருவது இதுதான், அதனால் எல்லாருக்கும் தெரியும். அரசாங்கக் கட்சி செனட்டர் தன் அமைச்சரிடமே கேட்கிற கேள்விகளைத் தாண்டிப் போய்விடலாம், அவை அமைச்சருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்கத் தயாரித்தவை. எதிர்க்கட்சியும் சிறு கட்சிகளும் கேட்கிற கேள்விகளிலும், முதல் கேள்வியை விடத் துணைக்கேள்விகளைப் பாருங்கள், பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டாரா, அல்லது எழுதிக்கொண்டு வந்ததையே வாசித்தாரா என்று தெரியும்.

எழுத்து மூலக் கேள்வி சத்தமில்லாத வேலை. செனட்டர் எழுதிக் கொடுப்பார், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு செலவு, எந்தத் தேதியில் என்ற கணக்கெல்லாம் இப்படித்தான் வெளியே வரும்.

அப்புறம், செலவு மதிப்பீட்டுக் குழு விசாரணைகள். 1970இல் தொடங்கிய முறை இது. வருடத்தில் சில தடவை, செனட்டர்கள் உயர் அதிகாரிகளை நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், இரவு வரை போகும். இது செனட் ஹன்சாட்டில் இருக்காது, குழு ஹன்சாட்டில் தனியாக இருக்கும். அதைத் தெரியாமல், "இவர் இந்த விடயத்தில் வாயே திறக்கவில்லை" என்று ஒரு செனட்டரைப் பற்றி நான் நண்பர்களிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு பார்த்தால், மனிதர் குழு அறையில் அதிகாரிகளை மணிக்கணக்காகக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறார். சபைக்குள் பேசாததைக் காரணம் காட்டி ஒருவரைத் தள்ளிவைக்கும் முன் குழு ஹன்சாட்டையும் கட்டாயம் தேடுங்கள். குழு அறிக்கைகளின் கடைசியில் மாற்றுக்கருத்து அறிக்கைகள் இருக்கும், அவற்றையும் பாருங்கள், யார் பெயர் கீழே இருக்கிறது என்று.

ஒரு விடயத்தை முடிவு வரை பின்தொடருங்கள்

பேச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அவைத்தலைவரின் ஆசனத்தில் மாறி மாறி உட்காருகிறவர்களின் பெயர் ஒரு நாளில் ஐம்பது தடவை வரும், "ஒழுங்கு, ஒழுங்கு" என்று சொன்னதற்கு. கட்சிக் கொறடா நடைமுறைத் தீர்மானங்களுக்காக எழும்பிக்கொண்டே இருப்பார். இந்தக் கணக்கெல்லாம் எதையும் சொல்லாது. ஒரே ஒரு விடயத்தை எடுத்து, அது முதல் தடவை அவர் வாயில் வந்த நாளில் இருந்து கடைசி வாக்கெடுப்பு வரை போங்கள்.

பொனரிடம் இதைச் செய்து பாருங்கள். 1974இல் அவர் ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். 1788இல் பிரித்தானியரின் முதல் கப்பற்படை வந்து இறங்குவதற்கு முன்னரே இந்த நாடு முழுவதும் பழங்குடி மக்களின் வசம் இருந்தது என்பதைச் செனட் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவர்களின் முன் உரிமையை அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும், நிலம் பறிக்கப்பட்டதற்கு இழப்பீடு வழங்கச் சட்டம் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் பிரேரணை, சில வரிகள். அப்போது ஆட்சியில் இருந்தது பிரதமர் விட்லமின் தொழிற்கட்சி, பொனர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 1975 பெப்ரவரி 20ஆம் தேதி செனட் அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பிரேரணை வந்த வருடத்தோடு நிறுத்தியவருக்கு, அது முடிவில்லாமல் போனதாகத்தான் தோன்றும். செனட்டில் விவாதங்கள் பாதியில் ஒத்திவைக்கப்பட்டு, மாதங்கள் கழித்துத் திரும்ப வரும், அதனால் பிரேரணையின் சொற்களை வைத்தே அடுத்த வருடங்களிலும் தேடுங்கள்.

அதோடு நிறுத்தாமல் இன்னொரு படி போங்கள். செனட்டின் தீர்மானம் சட்டம் அல்ல, அரசாங்கத்தை அது கட்டுப்படுத்தாது. அவர் கேட்ட இழப்பீட்டுச் சட்டம் அந்தத் தீர்மானத்தால் வந்துவிடவில்லை. இந்த நாட்டின் பொதுச் சட்டத்தில் பழங்குடி மக்களின் நில உரிமை ஏற்கப்பட, 1992 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வரை பதினேழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975இன் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பதினேழு வருடம் என் நினைவுக்கு வரும். எந்த நாட்டிலும் நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு புரியும்.

நான் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, எந்தக் கட்டம், என்ன சொன்னார், என்ன கேட்டார், பிறகு என்ன நடந்தது, இவ்வளவுதான் எழுதுவேன். ஆனால் வினைச்சொல்லில் கண்டிப்பாக இருப்பேன். "பேசினார்", "கேட்டார்", "பிரேரித்தார்", "வாக்களித்தார்" என்ற நான்கும் வேறு வேறு. கவலை தெரிவித்ததையும் அரசாங்கத்தைச் செய்யச் சொன்னதையும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது. எங்கள் சமூக ஊடகங்களில் பகிரப்படும் செய்திகளில் இவை எல்லாமே "குரல் கொடுத்தார்" என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன, அதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

வாக்கு

பேச்சைக் கண்டுபிடித்தபின் அதே நாளின் வாக்கெடுப்பைத் தேடுங்கள். முதலில் குரல் வாக்கு நடக்கும், அதில் யார் எந்தப் பக்கம் என்று பெயர் இருக்காது. குறைந்தது இரண்டு செனட்டர்கள் கேட்டால்தான் பெயர் பதிகிற வாக்கெடுப்பு. மணி அடிக்கும், வழக்கமாக நான்கு நிமிடம், ஆதரிப்பவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம். பெயர்ப்பட்டியல் ஹன்சாட்டிலேயே இருக்கும். ஒருவர் பெயர் இல்லாவிட்டால் ஓடி ஒளிந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் வர முடியாதபோது எதிர்த்தரப்பில் ஒருவரும் வாக்களிக்காமல் இருந்து சரிக்கட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு, அந்த இணைப்பட்டியலையும் பாருங்கள். வாக்கு சமமாக வந்தால் பிரேரணை தோற்றதாகக் கணக்கு, அவைத்தலைவருக்கு மற்றவர்களைப் போல ஒரு வாக்குத்தான், முடிவு செய்யும் தனி வாக்கு இல்லை.

பெரும்பாலான வாக்குகள் கட்சி வரிசைப்படி போகும், அதனால் ஒரு செனட்டரின் வாக்குகளை வைத்து அவருடைய தனிக் கருத்தை அறிவது கடினம். அவர் கட்சியை மீறிய வாக்குகளைத் தேடுங்கள். 1950 முதல் 2004 வரை எடுத்த ஒரு கணக்கின்படி டாஸ்மேனியாவின் லிபரல் செனட்டர் சேர் ரெஜ் ரைட் 150 தடவை கட்சியை மீறி மறுபக்கம் போய் வாக்களித்திருக்கிறார். பொனர் 34 தடவை. லிபரல் கட்சியில் அதற்கு இடம் இருந்தது. தொழிற்கட்சியில் கட்சி முடிவுக்குக் கட்டுப்படுவதாக உறுதி கொடுத்துத்தான் உள்ளே வருகிறார்கள், அதனால் அங்கே ஒரு தடவை மீறினாலே பெரிய விடயம். 2024 ஜூன் 25ஆம் தேதி பலஸ்தீனத்தை அங்கீகரிப்பது பற்றிய பசுமைக் கட்சியின் தீர்மானத்தில் தொழிற்கட்சி செனட்டர் ஃபாத்திமா பேமன் மறுபக்கம் போய் உட்கார்ந்தார், பத்து நாள் ஆகுமுன் கட்சியில் இருந்து விலகி சுயேச்சை ஆனார். ஒரே ஒரு வாக்கு. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் அந்த ஒன்றின் கனம் தெரியாது. தே வோட் ஃபோ யூ என்ற தளம் வாக்குகளைத் தொகுத்து "இதற்கு ஆதரவு, அதற்கு எதிர்ப்பு" என்று காட்டும், தொடங்குவதற்கு நல்லது, ஆனால் அந்த வாக்கு எந்தச் சொற்களின் மேல் நடந்தது என்று ஹன்சாட்டுக்குப் போய்ப் பாருங்கள். மிகச் சரியான கருத்துள்ள ஒரு தீர்மானத்தின் கடைசி வரியில் ஒருவருக்கு உடன்பாடு இல்லாமல் இருந்திருக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

ஹன்சாட் ஒலிப்பதிவு அல்ல. தடுமாற்றம், திரும்பச் சொன்னது, வெளிப்படையான பிழைகள் திருத்தப்பட்டுத்தான் அச்சாகும், பொருளை மாற்ற மட்டும் விடமாட்டார்கள். புதிதாக வந்த நாளின் பதிவில் வரைவு என்று குறித்திருக்கும், சில வாரத்தில் இறுதிப் பதிப்பு வரும், மேற்கோள் காட்டுவதென்றால் அதுவரை பொறுங்கள். குரலில் கோபமா தழுதழுப்பா என்று எழுத்தில் தெரியாது, அண்மைக்காலப் பேச்சு என்றால் பார்ல்வியூ தளத்தில் காணொளியைப் போட்டுப் பாருங்கள்.

சபைக்குள் பேசுவதற்குச் செனட்டருக்குப் பாராளுமன்றச் சிறப்புரிமை இருக்கிறது, அவதூறு வழக்குப் போட முடியாது. அவர் ஒரு மனிதரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தால், அதை நீங்கள் உங்கள் சொந்தக் கூற்றாக வெளியே எழுதும்போது அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு வராது. இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

மொழிபெயர்க்கும்போது முழு வாக்கியத்தையும் எடுங்கள். "சிலர் இதை இனப்படுகொலை என்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னதை, "இது இனப்படுகொலை என்று செனட்டர் முழங்கினார்" என்று போடுவது எங்களையே பலவீனப்படுத்தும். மறுநாள் யாராவது ஹன்சாட்டைத் திறந்து காட்டினால் எங்கள் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். அவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுதான்.

கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வது

செனட்டருக்கு எழுதுங்கள். "எங்கள் சமூகத்துக்கு ஆதரவு தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் நன்றிக் கடிதம் ஒன்று வரும். "நீங்கள் இந்தத் தேதியில் இந்தச் சட்டமூலத்தின் குழுக் கட்டத்தில் இப்படிக் கேட்டீர்கள், அமைச்சர் இப்படிப் பதில் சொன்னார், அந்தப் பதிலில் இந்த இடம் பொருந்தவில்லை, இதை எழுத்து மூலக் கேள்வியாகக் கேட்க முடியுமா" என்று எழுதிப் பாருங்கள். அலுவலகத்தில் இருப்பவர் உங்கள் கடிதத்தை வேறு மாதிரிக் கையில் எடுப்பார், ஏனென்றால் பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

செனட் குழு ஒன்று விசாரணை தொடங்கினால் யாரும் எழுத்து மூலம் கருத்துச் சமர்ப்பிக்கலாம், அமைப்பு ஒன்றில் இருக்க வேண்டும் என்றில்லை. சமர்ப்பணங்கள் பெரும்பாலும் வெளியிடப்படும், பிறகு இரண்டாம் வாசிப்பில் செனட்டர்கள் அவற்றில் இருந்து மேற்கோள் காட்டுவார்கள். இரண்டு பக்கம் போதும். நடந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள், பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். மனுக்கொடுப்பதென்றால் ஒரு செனட்டர்தான் அதைச் சபையில் சமர்ப்பிக்க வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்பதற்கு இப்போது உங்கள் குறிப்புப் புத்தகம் இருக்கிறது.

பயிற்சிக்குத் திரும்ப வருகிறேன். 1971 செப்டம்பர் 8ஆம் தேதி செனட் ஹன்சாட்டைத் திறந்து பொனரின் முதல் உரையை முழுதாக வாசியுங்கள். அடுத்து 1975 பெப்ரவரி 20. அதற்குப் பிறகு, 1978இல் குயின்ஸ்லாந்து மாநில அரசு ஓருகன், மோர்னிங்டன் தீவு ஆகிய பழங்குடி ஊர்களின் நிர்வாகத்தில் தலையிட்டபோது, தன் கூட்டணிக்காரர்களின் ஆட்சி நடந்த அந்த மாநிலத்தைப் பற்றியே அவர் என்ன பேசினார் என்று தேடுங்கள். அவர் கட்சியை மீறிய வாக்குகளில் ஐந்தை எடுத்து, எந்தச் சொற்களின் மேல் நடந்தவை என்று பாருங்கள். 1983 தேர்தலுக்குக் கட்சி அவரை குயின்ஸ்லாந்து வேட்பாளர் பட்டியலில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது, அவர் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்றார், மயிரிழையில் தோற்றார். அந்த முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும் நிலையில், முதல் உரையில் இருந்து எழுதி வைத்த தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போடுங்கள். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். அதன்பின் உங்கள் மாநிலத்தின் 12 பேரில் ஒருவரை எடுங்கள், அடுத்த பொங்கலுக்கு மண்டபத்துக்கு வரப்போகிறவரை.